திடலில் நான் நட்ட உன் கழிகள்

என் நைனாவுக்கு, உன் கண்ணு எழுதுகிறேன்.

முதலில் என்னை மன்னித்துக்கொள். உனக்குப் படிக்க வராது என்று தெரிந்தே எழுதுகிறேன். நீ இருந்தபோது கரண்டு பில் வந்தால்கூட என்னிடம் நீட்டி, "இன்னான்னு பாரு கண்ணு" என்பாய். இப்போது இத்தனை பக்கத்தை உன்னிடம் நீட்டினால் நீ என்ன செய்வாய்? அங்கே படித்தவர்கள் யாராவது இருப்பார்கள், கூச்சப்படாமல் கேள். கூச்சம் எனக்குத்தான், உனக்கு ஏது?

சும்மா இருக்கத்தான் பார்த்தேன். முடியவில்லை. இன்று ஐஸ் கம்பெனி ஆபீசில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். என் கை மட்டும்தான் அங்கே வேலை பார்த்தது. யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போல இருந்தது. யாரிடம் சொல்ல? நான் கூச்சமில்லாமல் பேசின ஒரே ஆள் நீதான்.

நைனா, நம் திடலில் ஆலா குஞ்சு பொரித்திருக்கிறது!

ஆலா என்றால் உனக்குப் புரியாது. உனக்குப் பறவையில் இரண்டே சாதி. காலை நீட்டிக்கொண்டு நின்றால் கொக்கு, நிற்காமல் பறந்தால் குருவி. ஏரி முழுக்கச் சிவந்து நிற்கும் பூநாரையைக்கூட "ரோஸ் கொக்கு" என்று சொன்ன ஆள் நீ. உன் படகுக்குப் பின்னாலேயே வந்து, அந்தரத்தில் இறக்கையடித்து நின்று, சட்டென்று தலைகுப்புறத் தண்ணீரில் விழுந்து, சின்ன மீனைக் கவ்விக்கொண்டு போகுமே, நீகூடக் கோலைத் தூக்கிக்காட்டி "திருட்டுக் குருவி, வலைய கட்டு அப்பால மீனு துன்னு" என்று கத்துவாயே, அதுதான் ஆலா. அதிலும் இது சின்ன ஆலா. மஞ்சள் மூக்கு, மூக்கு நுனியில் கறுப்பு. தலையில் கறுப்புக் குல்லா, நெற்றியில் மட்டும் வெள்ளை.

வரிசையாகச் சொல்கிறேன், இரு.

இந்தச் சித்திரையில் ஒரு மழை பெய்தது. கோடைமழைதான், ஒரே ஒரு நாள். அதற்கே திடல் பூத்துவிட்டது, நைனா. நாம் வலை காயப்போடுகிற, மாடு மேய்கிற, கிரிக்கெட் ஆடுகிற அதே பொட்டல்தான். காலையில் பஸ்ஸுக்கு முன்னால் ஒரு நடை போய் வருவேன். நெருஞ்சியெல்லாம் மஞ்சளாகச் சூரியனைப் பார்த்து நிற்கிறது. உன் குதிகாலில் நான் ஊசியால் தோண்டி எடுத்த முள் எல்லாம் இந்தப் பூவிலிருந்து வந்ததுதான் என்று யாராவது சொன்னால் நீ நம்புவாயா? கொழிஞ்சி கத்தரிப்பூ நிறத்தில் பூத்திருக்கிறது. மணல் பக்கம் அடப்பங்கொடி. தண்ணீர் வற்றிய இடத்தில் உமரிச் செடி சிவந்து கிடக்கிறது. அதற்கு நடுவே தடித்த இலையோடு தரையோடு தரையாக ஒரு கொடி, அதில் நகத்தளவு ரோஸ் நிற நட்சத்திரங்கள். அதன் பெயர் எனக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டேன். "பூ"ன்னு சொன்னாள்.

கன்னியம்மா அத்தை என்னைத் தினமும் பார்த்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி, அவளுக்குத் தெரியாமல் நம் வீட்டில் எது நடந்திருக்கிறது? ஒரு நாள் வழியை மறித்து, "இன்னாடி ரேவதி, டெய்லி காலங்காத்தால திடல்ல ஒலாத்தற? வயிறு சரியில்லியா?"ன்னு தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டாள். பூ பார்க்கப் போகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "ஆமாத்த"ன்னு சொல்லிவிட்டேன். சாயங்காலம் ஓமத்தண்ணி வந்தது. குடித்தேன்.

ஒரு நாள் அப்படித் தரையைப் பார்த்துக்கொண்டே நடக்கும்போது தூக்கிய காலை வைக்க முடியவில்லை. என் செருப்புக்குக் கீழே ஒரு பள்ளம். குதிகாலால் மண்ணை அழுத்தினால் வருமே, அவ்வளவுதான். சுற்றிலும் உடைந்த மட்டிச் சிப்பி. உள்ளே இரண்டு முட்டை. மணல் நிறம், மேலே மை தெறித்த மாதிரிப் புள்ளி. குச்சி இல்லை, புல் இல்லை, கூடு என்று ஒன்றுமே இல்லை. வெட்டவெளியில் தரையிலே வைத்துவிட்டுப் போயிருக்கிறது, என்ன தைரியம்!

போகவில்லை, என் தலைக்கு மேலேதான் இருந்தது. "கிறீக் கிறீக்" என்று கத்திக்கொண்டு நேராக முகத்துக்கு இறங்கியது. நான் குனிந்தேன். அது துப்பட்டாவில் எச்சமிட்டுவிட்டு மேலே போனது. நான் தனியாக நின்று சத்தமாகச் சிரித்தேன், நைனா. நான்! பின்வாங்கிப் பார்த்தால் அங்கே ஒன்று, அதற்கப்பால் இன்னொன்று. கண் பழகப் பழக மண்ணிலிருந்து முட்டைகள் முளைக்கிற மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமையெல்லாம் குடையைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். தாய்ப்பறவை எதற்கு முட்டைமேல் உட்காருகிறது என்று நினைக்கிறாய்? சூடு கொடுக்கத்தானே? நம் ஊர் மத்தியான வெயிலில் அதற்கு வேலையே இல்லை. வெயில் படாமல் மறைக்கத்தான் உட்காருகிறது. சூடு தாங்கமுடியாமல் போனால் எழுந்து ஏரிக்குப் பறந்து, வயிற்றை மட்டும் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து, அந்த ஈரத்தோடு முட்டைமேல் உட்காருகிறது. நாம் மீன் கூடைக்கு ஈரச்சாக்கு போடுவோமே, அதேதான்! ஆண் அரைவிரல் நீளத்துக்கு ஒரு மீனைக் கவ்விக்கொண்டு வந்து பெட்டையின் முன்னால் நிற்கிறது. அவள் உடனே வாங்குவதில்லை. கொஞ்சம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிறகுதான் வாங்குகிறாள். நீயும் அம்மாவும் ஞாபகம் வந்தீர்கள்.

சரி, சந்தோஷம் இதோடு நின்றிருக்கலாம். வைகாசி பிறந்துவிட்டது. கங்கையம்மன் திருவிழா. வழக்கம்போல் திடலில் ட்ராக்டர் ஓட்டிச் சமன்செய்து பந்தல் போடுவார்கள், ஊருக்கே சமைக்கிற அடுப்பு தோண்டுவார்கள். எந்த இடத்தில்? முட்டை இருக்கும் அந்த இடத்திலேயேதான்.

யாரிடமாவது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த உன் பழைய கழிகளில் நாலைத் தூக்கிக்கொண்டு போய், முட்டை இருக்கும் இடத்தைச் சுற்றி நாலு மூலையிலும் நட்டுவிட்டு வந்தேன்.

உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, கூடவே படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் குப்பத்தில் ஏரியிலும் சரி, திடலிலும் சரி, கழிதான் சட்டம். ஏரியில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதற்கு முறை உண்டு, அதைப் பாடு என்போம். பாடு வந்தவர் கழி நட்டுவிட்டால் மற்றவர் அங்கே வலை விடமாட்டார். கரையில் வலை காயவைக்கும் இடத்துக்கும் இதே முறைதான். நட்டவர் வீட்டார்தான் பிடுங்க வேண்டும், வேறு யாரும் கழியைத் தொடக்கூடாது. கழியின் தலையில் கட்டியிருக்கும் துணியைப் பார்த்தாலே எந்த வீட்டுக் கழி என்று தெரிந்துவிடும்.

கழியை யாரும் தாண்டமாட்டார்கள் என்பது மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருந்தது. அதில் உன் நீலக்கட்டம் போட்ட லுங்கித் துணி கட்டியிருந்ததும், நிலத்தில் நாலு மூலைக்கு நாலு கழி நட்டால் ஊரார் அதை மனை என்பார்கள் என்பதும் புத்தியில் ஏறவே இல்லை. டிகிரி முடித்த புத்தி!

மறுநாள் சாயங்காலம் ஏலக் கொட்டகையில் ஊர்க்கூட்டம். உன் கூட்டாளி ஏழுமலை மாமா நடுவில் நின்று குதித்தார். "இன்னாடா சேகரு, உங்கப்பன் மேல போயும் பொறம்போக்குல மனை கேக்கறானா?"

அண்ணன் திருதிருவென்று விழித்தான். "மாமா, சத்தியமா எனக்கு ஒண்ணும் தெர்யாது. நேத்து பூரா நான் ஏரிலதான் இருந்தேன்."

"அப்ப யாரு, உங்கப்பனே வந்து நட்டுட்டுப் போனானா?"

கொட்டகைக்கு வெளியே பெண்களோடு நின்றிருந்தேன். அம்மா என் பக்கத்தில் இருந்தாள். "நான்தான்" என்றேன். எனக்கே கேட்கவில்லை. கன்னியம்மா அத்தை திரும்பிப் பார்த்தாள், பார்த்ததும் புரிந்துகொண்டாள். "யோவ், பொண்ணு இன்னாவோ சொல்து, கொஞ்சம் வாய மூடுங்கய்யா!" என்று ஒரு சத்தம் போட்டாள். கொட்டகை மொத்தமும் என்னைப் பார்த்தது.

நாட்டார் தேசப்பன் பெரியப்பாதான் கேட்டார். இப்போது ஊர்ப் பஞ்சாயத்து அவர் கையில். "இன்னா கண்ணு, மனையா?"

"இல்ல பெரியப்பா."

"வலை காயவைக்கவா?"

"இல்ல."

"பின்ன இன்னாத்துக்கு?"

"முட்டை."

"முட்டையா? கோயி முட்டையா?" என்று ஏழுமலை மாமா கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. "வாங்க, காட்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தேன். பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்க்கக்கூடத் தைரியமில்லை. சத்தத்தை வைத்துத்தான் தெரிந்தது, நைனா, ஊரே வந்தது.

பிறகு நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். கழியை நெருங்குவதற்குள் ஆலாக்கள் மொத்தமாகக் கிளம்பிவிட்டன. நேராக ஏழுமலை மாமாவின் வழுக்கைத் தலைக்கு! "அய்யய்யோ, மண்டைய கொத்துதுப்பா!" என்று துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடப் பார்த்தார். "மிதிக்காதீங்க மாமா!" என்று நான் கத்தினேன். ஆமாம், கத்தினேன். தூக்கிய காலோடு அப்படியே நின்றுவிட்டார். காலுக்கு நேர் கீழே இரண்டு முட்டை. ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டே குனிந்து பார்த்து, "அடப்பாவமே, மிதிச்சிருப்பேனே" என்றார். நீ இருந்திருந்தால் அவரையும் கொக்குக் கணக்கில் சேர்த்திருப்பாய்.

"மனை யாருதுன்னு கேட்டியே," என்றாள் கன்னியம்மா அத்தை, "தோ, வூட்டுக்காரங்களே வந்து சொல்ட்டாங்க, வாங்கிக்க."

வானத்தில் அத்தனை சத்தம், கீழே அத்தனை சிரிப்பு. ஆண்கள் குந்தி உட்கார்ந்து ஒருவருக்கொருவர் விரலால் காட்டிக்கொண்டார்கள். "தோ இங்க ஒண்ணு." "ஏய், நவுறு, உன் காலாண்ட ஒண்ணு." வயதானவர்கள் சிலருக்குத் திடலில் முட்டை இருக்கும் என்பது முன்பே தெரியும், இத்தனை இருக்கும் என்று தெரியாதாம். பெண்கள் அந்த ரோஸ் நட்சத்திரப் பூவைப் பறித்துத் தலையில் வைத்துப் பார்த்தார்கள். அதற்குக் காம்பே இல்லை, நிற்கவில்லை.

நாட்டார் ஒரு கழியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார். "இந்த வாட்டி இங்க இதுங்க பாடு. எறக்க மொளச்சி கெளம்பற வரைக்கும் ஒரு பயலும் உள்ள போவக்கூடாது." எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது.

உடனே யாரோ, "அப்ப அடுப்பு எங்க வெக்கறது?" என்று கேட்டார்கள். கிழக்கே சேறு. வடக்கே முழுக்க முள். காய்ந்த மேட்டு நிலம் இன்னும் ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது. எல்லோர் கண்ணும் அங்கே போனது, உடனே திரும்பிக்கொண்டது. உன் இடம், நைனா. கடைசியாக நீ வலை காயவைத்த இடம். உன் கழிகள் நட்டபடியே நிற்கின்றன. வலையை அண்ணன் அப்போதே எடுத்துவிட்டான். ஒரு கழியில் நீ போட்ட கயிற்று முடிச்சு அப்படியே இருக்கிறது. நீ போன பிறகு இது இரண்டாவது கோடை. ஒருவரும் அந்தப் பக்கம் ஒரு சல்லாத் துணிகூடக் காயப்போட்டதில்லை. சாயங்காலம் ஆனால் அம்மா அங்கே போய் உட்கார்ந்துதான் தலை வாரிக்கொள்கிறாள்.

"எங்க நைனா எடத்துல வெச்சிக்கோங்க" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. சந்தோஷத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது. பிறகுதான் அம்மாவைப் பார்த்தேன். அவள் திரும்பி வீட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள்.

நாட்டார் அதையும் பார்த்தார். மெதுவாகத்தான் சொன்னார். "ரெண்டு எடத்துலயும் உங்க வூட்டு கழி கீது. ஒரு வூட்டுக்கு ஒரு எடந்தான் கண்ணு, அது உனக்கே தெரியும். ஒண்ண நீங்களே புடுங்கணும். எதுன்னு உங்கம்மா சொல்லட்டும். வெள்ளிக்கெயம ட்ராக்டர் வந்துடும்."

வீட்டில் அம்மா அடுப்பின் முன்னால் இருந்தாள். முகத்தைத் திருப்பாமலே கேட்டாள். "அவரு எடத்த எடுத்துக் குடுக்க நீ யாருடி?"

"குஞ்சு பொரிக்கப்போவுதும்மா. கொஞ்ச நாள்தான்..."

"அவரு நட்டது. அவரே வந்து சொல்லட்டும், புடுங்கிக்கலாம்."

அவ்வளவுதான். ஆனாலும் சோற்றில் எனக்குப் பிடித்த மடவை மீன் தலையைத்தான் வைத்தாள். இந்தக் கோபத்தை எப்படி எடுத்துக்கொள்வது, சொல்லு. அண்ணனைக் கேட்டால், "நானு இதுல வர்ல, ரெண்டு பேரும் படிச்சவங்க"ன்னு நழுவுகிறான். அம்மா எங்கே படித்தாள்?

அவள் மேல் தப்பு சொல்ல மாட்டேன். எனக்கு நீ ஞாபகத்தில் இருக்கிறாய். அவளுக்கு அந்தக் கழிகளில் இருக்கிறாய். நான் கொடுத்தது என்னுடையது இல்லை, அது எனக்கும் தெரிகிறது. ஆனால் தெரிந்த பிறகும் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லையே, நைனா, இன்று காலையில் பார்த்த பிறகு!

இன்று காலையில் முதல் பள்ளத்தில் ஒரு முட்டைதான் இருந்தது. பக்கத்தில் மண் நகர்ந்தது. மண் இல்லை, குஞ்சு! கட்டைவிரல் அளவு பஞ்சு, மேலே அதே மணல் புள்ளி. விழுந்து எழுந்து, விழுந்து எழுந்து, அடப்பங்கொடி வரைக்கும் போய் ஒரு இலைக்கு அடியில் ஒண்டிக்கொண்டது. பூவுக்குக் கீழே தலை மட்டும் தெரிந்தது. அப்பன் மீனோடு வந்தது. குஞ்சின் வாயைவிட மீன் பெரிது. வாங்கிற்று, கீழே போட்டது, அப்பன் எடுத்துக் கொடுத்தது, மறுபடி போட்டது. கடைசியில் ஒருவழியாக விழுங்கிவிட்டு, வாயில் மீன்வால் நீட்டிக்கொண்டிருக்க, அப்படியே தூங்கிப்போய்விட்டது. எனக்கு வழக்கமான பஸ் போய்விட்டது, அடுத்ததில்தான் போனேன். போகட்டும்! மற்ற முட்டைகள் இன்று நாளை என்று இருக்கின்றன. இந்தக் குஞ்சுகளுக்குப் பறக்க இன்னும் நாள் ஆகும், ஓடி எவ்வளவு தூரம்தான் ஓடும்?

சாயங்காலம் அம்மா உன் கழிக்குக் கீழே உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். தள்ளி உட்கார்ந்து, அவள் கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னேன். நான் இவ்வளவு நேரம் பேசி அவள் பார்த்ததே இல்லை. மீன்வால் வரை சொல்லி முடித்தேன். அவள் ஏரியைப் பார்த்துக்கொண்டே ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அதுக்கு அப்பன் கீறானா?"

"கீறான்மா. அவன்தான் மீன் எடுத்தாந்து குடுக்கறான்."

அவள் சீப்பு நின்றுவிட்டது. கூந்தலை முடிந்துகொண்டு, போகும்போது கயிற்று முடிச்சைத் தொட்டுவிட்டுப் போனாள். அது சரி என்பதா, இல்லை என்பதா? என்னால் படிக்க முடியவில்லை.

நாளை வெள்ளிக்கிழமை.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், நைனா. திருவிழா முடிந்து அடுப்புச் சாம்பலை வாரியதும், கடைசிக் குஞ்சும் பறந்ததும், முட்டையைச் சுற்றி நட்ட கழிகளைப் பிடுங்கிவிட்டு, உன் இடத்தில் உன் கழிகளை அதே குழிகளில், அதே வரிசையில் நட்டுவைப்பேன். முடிச்சு இருக்கும் கழியை நானே தூக்கிவருவேன். கயிறு அவிழவிடமாட்டேன். யாராவது ஏதாவது சொன்னால் பதில் சொல்வேன், வாயால், சத்தமாக.

இத்தனையும் எழுதியது ஒன்று கேட்கத்தான். கேட்கக் கூச்சமாக இருந்தது, அதனால் கடைசிக்குத் தள்ளினேன். அம்மா நீ வந்து சொல்ல வேண்டும் என்கிறாள். நான் சொன்னால் அது நான் சொன்னதுதான், ஊர் சொன்னால் ஊர் சொன்னதுதான். இன்றைக்கு அவள் தூங்கும்போது ஒருதரம் வா. அதிகம் பேச வேண்டாம். "புடுங்கிக்கட்டும், உடு"ன்னு மட்டும் அவளிடம் சொல்லிவிட்டுப் போ.

உன் மகள்,
ரேவதி